துணிக்கடியில ஒரு கை

உங்ககிட்டதான் சார் படிச்சேன். வேற யாருகிட்ட? ஐயோ, தலையைத் திருப்பாதீங்க. துணி நகர்ந்துச்சுன்னா மறுபடி முதல்லேருந்து சுத்தம் பண்ணணும். உதட்டை அசைச்சுப் பேசுங்க போதும். எனக்கு நல்லாவே கேக்கும், கேக்காதது உங்களுக்குத்தானே.

குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும் இருக்கும். அந்தப் பக்கத்துக் காதுல மெஷின் மாட்டியிருக்கீங்க, அதுல எல்லார் குரலும் தகர டப்பாக்குள்ளேருந்து வர்ற மாதிரிதான் இருக்கும். அப்படியும் கண்டுபிடிச்சீங்க பாருங்க! கன்சல்டேஷனுக்கு ரெண்டு தடவை வந்தீங்க, எதிர் நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாத்தீங்களா? காமிரா எப்படி, லென்ஸ் எப்படி, ஹால்ல நேரலை போகும்போது உங்க பேரைப் பெருசாப் போடுவோமான்னுதான் கேட்டீங்க. போட்டிருக்கோம் சார். கொட்டை எழுத்துல போட்டிருக்கோம். மேல மாடி ஹால்ல சுவர் பூராத் திரை. ஊர்ப்பட்ட காது டாக்டருங்க உக்காந்து உங்க காதுக்குள்ளதான் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

கவலைப்படாதீங்க, இப்போதைக்குப் படம் மட்டும்தான் போகுது. மைக்கை ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். நாம பேசறது நம்மளோட. நம்ம சிஸ்டருக்கு வாயே கிடையாது, மயக்க டாக்டர் என் சிநேகிதி. காதை மட்டும் மரத்துப் போக வச்சு ஆபரேஷன் பண்ணும்போது பேஷண்ட் கூடப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா பயம் தெரியாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அதான் பேசறேன்.

என் பேரா? பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. பட்டப்பேர் சொன்னா தெரியும். நடுக்கம். ஆமா சார், அதே நடுக்கம்தான். நீங்க வச்ச பேரு. காலேஜ் பூரா, கேன்டீன்ல டீ ஊத்தறவர் வரைக்கும், நடுக்கம் வருது நடுக்கம் வருதுன்னு சொல்ல வச்சீங்களே.

பிபி ஏறுதா? ஏறட்டும், கொஞ்சம் மருந்து குடு டாக்டர். சார், மூச்சை நல்லா இழுத்து விடுங்க. எழுந்திருக்க முடியாது சார். செவிப்பறையை ஓரமா அறுத்து, பக்கம் புரட்டற மாதிரிப் புரட்டி வச்சிருக்கேன். இப்படியே எழுந்து எங்க போவீங்க? மாடி ஹாலுக்கா? வேற டாக்டரா? உங்க சிஷ்யப் பிள்ளைங்க ஒருத்தர் விடாம கையை விரிச்சுட்டாங்கன்னு உங்க மருமகன்தான் என்கிட்ட வந்து சொன்னார். காதுக் குழாய் கோணல், எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது, மைக்ராஸ்கோப்ல பாத்தா உள்ள பாதிதான் தெரியுது, பெரியவர் காது, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு நழுவிட்டாங்களாம். மேடத்தை விட்டா வேற கதியில்லைன்னார். நல்ல மனுஷர், பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.

இந்தக் காமிராக் குச்சி பேனா ரீஃபில் அளவுதான் இருக்கும். மைக்ராஸ்கோப் வாசல்ல நின்னு எட்டிப் பாக்கற ஆளு. இது உள்ள போய் மூலையில நின்னுக்கிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கும். இதை முதல்ல நான் கத்துக்கிட்டு வந்து ஒரு மாநாட்டுல பேசினப்ப, முன் வரிசையிலேருந்து ஒருத்தர் எழுந்தார். இது டாக்டர் வேலையில்லை, டிவி மெக்கானிக் வேலை, ஒரு கையில காமிராவைப் பிடிச்சுக்கிட்டா மிச்சம் ஒரு கையால என்னத்தைக் கிழிக்கப் போறாங்கன்னு கேட்டார். ஹால் பூராச் சிரிப்பு. யாருன்னு ஞாபகம் இருக்கா? நானும் சிரிச்சேன் சார். வேற என்ன பண்றது? சிரிச்சுட்டு அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டேன்.

அந்த ஒரு கையாலதான் சார் இப்ப உங்க எலும்பைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். இதோ, கரகரன்னு கேக்குதா? அது எலும்பு வழியா உள்ள போற சத்தம், செவிடனுக்கும் கேக்கும். நாக்கு ஓரத்துல இரும்பை நக்கின மாதிரி இருக்கா? ருசி நரம்பை லேசா ஒதுக்கினேன், அதான். நாலு வாரத்துல சரியாப் போயிடும். பாருங்க, எதைத் தொட்டாலும் தொட்டேன்னு சொல்லிட்டுத் தொடறேன். தப்புப் பண்ணினாலும் இதுல மறைக்க முடியாது. மேல இருக்கற அத்தனை பேரும் என் கை போற இடத்தை ஆனை சைஸ்ல பாத்துக்கிட்டு இருக்காங்க. நடுங்கினா தெரிஞ்சுடும். சிஸ்டர், என் கை நடுங்குதா? இல்லையாம் சார்.

உங்க காலத்துல அப்படியா? மைக்ராஸ்கோப்ல பக்கத்து ஆள் பாக்கறதுக்குன்னு ஒரு குழாய் உண்டு. அதைக் கழட்டி வைடான்னுடுவீங்க. பாரமா இருக்கு, தோள்ல இடிக்குதும்பீங்க. அப்புறம் உள்ள பாக்கறது உங்க ரெண்டு கண்ணு மட்டும்தான். நாங்க சுத்தி நின்னு உங்க முதுகைப் பாத்துக்கிட்டு நிப்போம். உள்ள என்ன நடந்துச்சுன்னா, நீங்க என்ன சொன்னீங்களோ அதுதான் நடந்துச்சு.

என் தங்கச்சியை ஞாபகம் இருக்கா சார்?

இல்லையா. இருக்காதுதான். எத்தனை ஆயிரம் காது பாத்திருப்பீங்க. நானே சொல்றேன், இருங்க, ரத்தத்தை உறிஞ்சிக்கறேன். ஒரு கைதான் இருக்கு, ஒண்ணொண்ணாத்தான் பண்ணணும்.

அவளுக்குச் சின்ன வயசுலேருந்து காதுல சீழ். நான் உங்ககிட்ட சேர்ந்ததும் எங்க வீட்டுல ஒரே கொண்டாட்டம். இனிமே என்ன கவலை, அக்கா பெரிய டாக்டர்கிட்ட இருக்காளே. நான்தான் அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அவ கடைசி வரைக்கும் பயந்தா. நான்தான், ஏண்டி, எங்க சார் கை வச்சா கல்லுக்கே காது கேக்கும்டின்னு பீத்திக்கிட்டேன். அவ அதுக்குச் சிரிச்சா பாருங்க. அவ சிரிச்சா பக்கத்துல இருக்கறவங்களும் காரணம் தெரியாமச் சிரிப்பாங்க. அப்படி ஒரு சிரிப்பு.

அப்பல்லாம் முகத்து நரம்புக்கு மானிட்டர் கிடையாது. இப்ப கன்னத்துல ஊசி குத்தி வச்சா நரம்பு பக்கம் போனதுமே மெஷின் கத்தும். உங்களுக்கும் குத்தியிருக்கேன், பயப்படாதீங்க. அப்ப என்ன பண்ணுவோம்? துணிக்கடியில ஒருத்தர் கையை விட்டு பேஷண்டோட கன்னத்துல வச்சுக்கிட்டே நிக்கணும். நரம்பைத் தொட்டா கன்னம் துடிக்கும். துடிச்சா சொல்லணும். அன்னைக்கு அந்த வேலையை எனக்குக் குடுத்தீங்க. உன் தங்கச்சிதானே, நீயே கன்னத்தைப் பிடிச்சுக்கோன்னு தமாஷ் வேற பண்ணினீங்க. ரெண்டு மணி நேரம் அவ கன்னத்துலதான் சார் என் கை இருந்துச்சு. அந்தச் சூடு இன்னும் எனக்குத் தெரியும்.

லேசாத் துடிச்சுது. சார், துடிக்குதுன்னேன். நீங்க கண்ணை எடுக்கவே இல்லை. உன் கைதான் நடுங்குது, பேசாம நில்லுன்னீங்க. மறுபடி துடிச்சுது. சார், இல்லை சார், நிஜமாத் துடிக்குதுன்னேன். சொந்தக்காரங்களை உள்ள விட்டா இதான் வம்புன்னு நர்ஸைப் பாத்துச் சொன்னீங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை, மீன் துள்ற மாதிரி ஒரு துள்ளு. அதோட சரி. அதுக்கப்புறம் அந்தக் கன்னம் அசையவே இல்லை.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. உங்களுக்கும் தெரிஞ்சுது. கிண்ணத்துல எதையோ போட்டீங்க. என்ன சார் அதுன்னு கேட்டதுக்குப் புண்சதைன்னீங்க. சீழ் பிடிச்ச காதுல நரம்பு மேல மூடியிருக்கற எலும்பு அரிச்சுப் போயி, நரம்பு வெளிய துருத்திக்கிட்டு, பாக்கறதுக்குப் புண்சதை மாதிரியே இருக்கும், கிடுக்கியால பிடிச்சு இழுத்துடாதீங்கடா முட்டாப் பசங்களான்னு எங்களுக்கு வகுப்பு எடுத்ததே நீங்கதானே! உங்க வாயால கேட்ட பாடத்தை உங்க கையால பாத்தேன்.

தப்பு யாருக்கும் வரும் சார். சத்தியமாச் சொல்றேன், அதை நான் மன்னிச்சிருப்பேன். நானும் கத்தி பிடிக்கறவதானே. வெளிய வராண்டாவுக்கு வந்து எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க? எங்கம்மா கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டீங்க. உங்க பெரிய பொண்ணு ஆசைப்பட்டாம்மா, சொந்தத் தங்கச்சியாச்சேன்னு எலும்பு குடையற டிரில்லைக் கொஞ்சம் குடுத்தேன், கை நடுங்கிடுச்சு, சின்னப் பொண்ணு, அவளைத் திட்டாதீங்க, அவ எதிர்காலம் பாழாயிடும், எனக்காக மன்னிச்சிடுங்கன்னீங்க. கண்ணுல தண்ணி வேற. அடேயப்பா! நடிகனெல்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும்.

நான் காலைப் பிடிச்சு அழுதேன், அம்மா நான் இல்லைம்மா, என் கை கன்னத்துலதாம்மா இருந்துச்சுன்னு. எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அவ்ளோ பெரிய மனுஷன் உனக்காக என் கையைப் பிடிச்சுக் கெஞ்சறார், நீ அவர் மேலயே பழியைப் போடறியேடி, நீயெல்லாம் உருப்படுவியான்னாங்க. தங்கச்சிக்குப் பேச வாய் கோணுச்சு. ஒரு பக்கம் முகம் தொங்கிப் போச்சு, கண்ணு மூடாது, டீ குடிச்சா ஓரமா வழியும். அந்தக் காதும் சுத்தமாப் போச்சு. கண்ணாடியைத் திருப்பி வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. அக்கா, உன்னை நம்பித்தானே வந்தேன்னா. அதான் என்கிட்ட அவ கடைசியாப் பேசினது. அவ குழந்தை இப்ப ஸ்கூல் முடிக்கப் போகுது சார். நான் தூக்கினது கிடையாது. போட்டோவுல பாத்திருக்கேன்.

தேம்பாதீங்க சார், தலை அசையுது. இப்ப முக்கியமான இடம்.

இதோ அங்கவடி எலும்பு, சத்தத்தை உள்ள அனுப்பற கடைசிக் குட்டி எலும்பு. அரிசிமணியில பாதி. இது இறுகிப் போனதாலதான் உங்களுக்குக் கேக்கலை. சரி, இதுக்கு மேல என்ன இருக்கு பாருங்க. ஓ, உங்களால பாக்க முடியாது. நான் சொல்றேன். முகத்து நரம்பு சார். உங்களுக்கும் மேல மூடி எலும்பு இல்லை. பிறவியிலேயே இருக்காது சில பேருக்கு, பாடம் எடுத்திருக்கீங்க. வெளிய எட்டிப் பாத்துக்கிட்டு, ஈரமா, இளஞ்சிவப்பா, அச்சு அசல் புண்சதை மாதிரியே நிக்குது. என் கொக்கிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தலைமுடி போகுமா போகாதா, அவ்ளோதான்.

மெஷின் டொக்கு டொக்குன்னுது, கேக்குதா? அது உங்க கன்னம்.

எத்தனை ராத்திரி இதை நினைச்சுப் படுத்திருப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. இந்த ஆளு ஒரு நாள் என் மேஜையில வந்து படுக்கணும் சாமின்னு வேண்டியிருக்கேன். வேற எதையும் நான் அப்படி வேண்டினதில்லை. ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் வராண்டாவுக்குப் போயி உங்க மருமகன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாப் போதும். எப்படி அழணும்னும் கத்துக் குடுத்திருக்கீங்களே.

வேண்டாமா? என்ன சார், இவ்ளோ மெல்லமாச் சொல்றீங்க. அம்மா தாயேவா? இது புதுசா இருக்கே. அப்ப நடுக்கம், இப்ப அம்மா தாயேவா?

சேச்சே. இழுக்க மாட்டேன் சார். நான் நீங்க இல்லை. கையை எடுத்துட்டேன் பாருங்க, மெஷின் அடங்கிடுச்சு. நரம்பை ஒதுக்கிட்டு எலும்பை வெட்டி எடுத்துடறேன். இதோ. வந்துடுச்சு. தலை சுத்துதா? கொஞ்சம் சுத்தும். மிச்சமிருக்கற அடித்தட்டுல ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு, எடுத்த எலும்புக்குப் பதிலா பிஸ்டன்னு ஒரு குட்டிக் குச்சியை அதுல நிறுத்தணும். அவ்ளோதான் வேலை.

மன்னிப்பா? யாருக்கு வேணும் சார் உங்க மன்னிப்பு? நான் இல்லைன்னு எனக்கே தெரியுமே. என்கிட்ட வந்து ஒத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? தெரிய வேண்டியவ வேற ஒருத்தி. நீங்களே ஒரு நாள் வந்து அவகிட்ட பேசறீங்களா? ஒரு நாளாம்! நல்லா இருக்கே கதை. இங்கேருந்து இறங்கினதும் உங்களுக்கு மறுபடி எதுவும் ஞாபகம் இருக்காது. பேஷண்ட் மயக்க மருந்துல உளறினதையெல்லாம் நம்பாதீங்கன்னு நாளைக்கே சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவீங்க. உங்களை எனக்குத் தெரியும் சார்.

ஓட்டை போட்டாச்சு. அசையாம இருங்க, மூச்சை மெல்ல விடுங்க. பிஸ்டன் உள்ள போகுது. போயிடுச்சு. அதோட கொக்கியைப் பக்கத்துல இருக்கற பட்டடை எலும்புல மாட்டி ஒரு அழுத்து. ம். உக்காந்துடுச்சு. ஏன் திடுக்கிடறீங்க? ஏசி சத்தமா? அது காலையிலேருந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு. இப்பதான் உங்களுக்குக் கேக்குது. சிஸ்டர் கிண்ணத்துல கத்திரியைப் போட்ட சத்தம் அது. ரொம்ப வருஷமா இதெல்லாம் கேக்கலை இல்ல? பாருங்க, கோணல் காது, ஒத்தைக் கை, டிவி மெக்கானிக். நல்லபடியாப் பண்ணியிருக்கேன். பழுது சொல்ல ஒருத்தனாலயும் முடியாது.

அடுத்தது என்னன்னு உங்களுக்கே தெரியும். காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு குசுகுசுன்னு ஒரு வார்த்தை சொல்லுவோம், பேஷண்ட் திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டா ஆபரேஷன் வெற்றி, ஹால்ல கைதட்டல். இந்தக் கட்டத்துக்குத்தானே நீங்க எப்பவும் மைக்கை வாங்குவீங்க? வழக்கத்தை மாத்த வேண்டாம். சிஸ்டர், சாரோட அந்தப் பக்கத்துக் காது மெஷினைக் கழட்டிடுங்க. மைக்கைப் போடுங்க.

ஹால்ல இருக்கற எல்லாருக்கும் வணக்கம். பிஸ்டன் வச்சாச்சு, திரையில பாத்திருப்பீங்க. நம்ம பெரியவருக்குக் கேக்குதான்னு இப்ப பாக்கலாம். நான் சொல்றதும் அவர் திருப்பிச் சொல்றதும் ரெண்டுமே உங்களுக்கு மைக்ல வரும்.

வீடு.

ஆங், வீடு. சரியாச் சொன்னீங்க.

கிளி.

கிளியேதான்.

தண்ணிக் குடம்.

தண்ணிக் குடம். பிரமாதம் சார். மேல கைதட்டறாங்க, ஸ்பீக்கர்ல வருது, கேக்குதில்ல? உங்களுக்கு இனிமே எல்லாமே கேக்கும். கேக்கலைன்னு இனி நீங்க எங்கயும் சொல்ல முடியாது. கடைசியா மூணே மூணு வாக்கியம், அதையும் அப்படியே திருப்பிச் சொல்லிடுங்க. தையல் போட்டு அனுப்பிடறேன்.

அன்னைக்குத் துடிச்சது கன்னம்தான். உங்க அக்கா கை நடுங்கலை. நரம்பைப் பிடுங்கினது நான்.

சொல்லுங்க சார். ஹால்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.

வெறும் உதட்டை அசைச்சா எப்படி? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்கம்மா கெஞ்சிக் கூத்தாடி என் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்திருக்காங்க, மேலதான் உக்காந்திருக்கா. அவளுக்கு ஒரு காதுதான் கேக்கும்.